துப்பட்டா போட்டுப் பிடித்த இடம்

ஜெர்மனியில், வால்டோர்ஃபில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகியும், டீமில் நானாக வாயைத் திறந்து கேட்டு வாங்கிய முதல் பொறுப்பு பீர் திருவிழாவில் இடம் பிடிப்பதுதான். ஸ்டுட்கார்ட் போகலாம் என்று எல்லோரும் முடிவு செய்தபோது கூடாரங்களில் முன்பதிவு தீர்ந்துபோயிருந்தது. முன்பதிவில்லாத மேஜைகள் கொஞ்சம் உண்டு, காலையிலேயே போய் உட்கார வேண்டும். உட்கார இடமில்லாதவருக்குப் பீர் கிடையாது, அதுதான் அங்கே சட்டம். "நான் முன்னாடியே போய்ப் பிடிக்கிறேன்" என்றேன். தீபாவளிக் கூட்டத்தில் மதுரை டவுன் பஸ் ஏறி வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

சனிக்கிழமை பத்தரைக்கே அறைத்தோழியை இழுத்துக்கொண்டு கூடார வாசலில் நின்றேன். தோல் அரைக்கால்சட்டையும் பூவேலை செய்த பாவாடையுமாக ஊரே பாரம்பரிய உடையில் இருந்தது. நமக்கென்ன குறைச்சல் என்று நானும் சுடிதாரும் பட்டுத் துப்பட்டாவுமாகப் போயிருந்தேன். கதவு திறந்ததும் ஓடினேன். எட்டுப் பேர் உட்காரும் மேஜை ஒன்று சிக்கியது. ஒரு பெஞ்சு முழுக்கத் துப்பட்டாவை விரித்தேன். எதிர்ப் பெஞ்சில் என் பை, அவள் ஜாக்கெட், ஒரு குடை.

"ஏய், இது பஸ்ஸு இல்லடி."

"சும்மா இரு. துணி கெடந்தா யாரும் உக்கார மாட்டாங்க."

பன்னிரண்டுக்கு வரவேண்டிய டீம் ஆட்கள் ஐந்து பேரும் ரயிலில் மாட்டிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் தாமதம் என்று மெசேஜ் வந்தது. கூடாரமோ நிமிடத்துக்கு நிமிடம் நிரம்பியது. பொரித்த கோழி வாசனை, சிரிப்பு, பாத்திரச் சத்தம், தலைக்கு மேல் பச்சைத் தோரணங்கள். பார்க்கப் பார்க்க மனசு துள்ளியது, கண் மட்டும் வாசலுக்கே போனது.

ஐம்பதைத் தாண்டிய நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். நால்வருக்கும் ஒரே பச்சையில் உடை. இடம் காலியா என்று கேட்டார்கள். ஆள் வருகிறார்கள் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். துப்பட்டாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து, இரண்டு கையிலும் லிட்டர்க் குவளைகளை அள்ளிக்கொண்டு பரிமாறும் பெண் வந்தார். குவளைகளை அடுத்த மேஜையில் இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆட்கள் எங்கே?"

"ரயிலில்."

"துணிக்கு நான் பீர் கொடுக்க முடியாது."

துப்பட்டாவை எடுத்தார். கசங்காமல் நான்காக மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பச்சை உடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"போச்சா?" என்றாள் தோழி.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மடிப்பில்தான் எனக்கு முகம் எரிந்தது. ஒரே ஒரு பொறுப்பு, அதையும் கோட்டைவிட்டுத் திங்கட்கிழமை மீட்டிங்கில் எப்படிப் போய் நிற்பது?

ஒரு வழியாக டீம் வந்து சேர்ந்தது. "எங்கே நம்ம மேஜை?" என்றார் டீம் லீடர்.

"இதுதான்."

மிச்சமிருந்த இரண்டு இடத்தைப் பார்த்தார். தன் ஆட்களைப் பார்த்தார்.

எனக்கு என்ன வேகம் வந்ததோ, எழுந்து நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினேன். "ஆளுக்கு இவ்வளவு தள்ளுங்க, போதும்." டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளை ஏற்றும் கணக்கு.

பச்சை உடைக்காரர்களில் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல எங்களை விரட்டுவே. இப்ப தள்ளி உட்காரச் சொல்வே, இல்லையா?"

"ஆமா" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்திலிருந்தவரை இடுப்பால் ஓர் இடி இடித்தார், அந்த இடி பெஞ்சின் கடைசிவரை போனது. ஐந்து பேரும் ஒவ்வொருவராகச் செருகிக்கொண்டார்கள். லிஃப்டில்கூடக் கையெட்டாத தூரத்தில் நிற்கும் எங்கள் லீடர் இரண்டு பச்சைகளுக்கு நடுவே தோளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்துப் பேர் ஆயிற்று. பதினொன்றாவது நான்.

"வழியில் நிற்கக் கூடாது" என்றார் திரும்பி வந்த பரிமாறும் பெண். "உட்காராதவருக்குக் கிடையாது."

"என் மடியில உக்காருடி" என்றாள் தோழி.

அப்போது மேடையில் பேண்டு வாத்தியம் வெடித்தது. கூடாரம் மொத்தமும், சொல்லிவைத்த மாதிரி, பெஞ்சின்மேல் ஏறியது. எங்கள் மேஜையும் ஏறியது. லீடர் குனிந்து கையை நீட்டினார். உட்காரும் இடத்தில் செருப்புக் காலை வைப்பதா என்று ஒரு நொடி கூசினேன், ஏறிவிட்டேன். நிற்கிற ஆளுக்கு உட்காருகிற ஆளின் இடத்தில் பாதி போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னும் இரண்டு பேரைக்கூட ஏற்றியிருக்கலாம்.

பரிமாறும் பெண் நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்திருப்பவர் என்று அந்த வரிசையிலேயே ஒருவரும் இல்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனவர் பதினொரு குவளையோடு வந்தார். என்னுடையதைக் கடைசியாக, இரண்டு கையாலும் தூக்கி மேலே நீட்டினார்.