ஆடித்தபசன்று கொடுத்த இளநீர்

திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் கரிசல்காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டு, ஆடுகளையும் வளர்த்து வந்தவள் இசக்கித்தாய். அவள் ஒரு சத்தம் கொடுத்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கணவர் சங்கரபாண்டி அதிகம் பேசமாட்டார். எப்போது விதைப்பது, எந்த ஆட்டை விற்பது எல்லாம் அவள் முடிவுதான். கல்யாணமான நாள் முதல் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

சித்திரை வெயிலில் ஆடுகளுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மதுரையில் பைபாஸ் செய்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அடுத்த இரண்டொரு நாளில் கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் ஒன்றுமே இறங்கவில்லை. முகமும் காலும் வீங்கின.

"இருதயம் நல்லா இருக்கு. சர்க்கரையால கிட்னி முன்னாடியே பலவீனமா இருந்திருக்கு, ஆபரேஷனைத் தாங்கல" என்றார் டாக்டர். "டயாலிசிஸ் பண்ணிப் பார்ப்போம். சிலருக்குத் தானாத் திரும்பிடும்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவிலில் இருக்கும் மகள் பொன்செல்வி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று நர்ஸ் விளக்கியபோது பொன்செல்விதான் பக்கத்தில் இருந்தாள். சங்கரபாண்டி மருந்து வாங்கப் போயிருந்தார். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

ஆடித்தபசுத் திருவிழா அன்று பொன்செல்வியும் மருமகனும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். தெருவெல்லாம் கூட்டம். இசக்கித்தாய் ஜன்னலோரம் படுத்திருந்தாள். சங்கரபாண்டி துணைக்கு இருந்தார்.

"நாக்கு மேல ஒட்டிக்கிட்டு வருது. கொஞ்சம் தண்ணி தாங்க."

"இன்னைக்குள்ளதைக் குடிச்சிட்டியேட்டி."

"ஒரே ஒரு வாய்ங்க" என்று கையை நீட்டினாள். காட்டையே அதட்டியவள் ஒரு வாய்த் தண்ணீருக்குக் கெஞ்சியது அவருக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இளநீர் வண்டி நின்றது. விஷயத்தைச் சொன்னதும் வண்டிக்காரர், "கிட்னிக்கு எளநிய விட நல்லது என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றார். சங்கரபாண்டி ஊரிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வாங்கிக் கொடுத்தார். இசக்கித்தாய் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பல நாளைக்கு அப்புறம் அவள் முகம் தெளிந்தது.

சாயங்காலம் அவளால் காலைத் தூக்க முடியவில்லை. "படபடன்னு வருதுங்க" என்றவளுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கூட்டத்துக்குள் ஆட்டோ நுழைய வழியில்லை. சங்கரபாண்டி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, வழி விடுங்கள் என்று கத்திக்கொண்டே மெயின்ரோடு வரை ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே டயாலிசிஸ் மெஷினில் சேர்த்தார்கள்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

பதறிக்கொண்டு வந்து சேர்ந்திருந்த பொன்செல்வி, "ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

"எளநி" என்றார் சங்கரபாண்டி. "நாந்தான் குடுத்தேன்."

இளநீரில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருதயமே நின்றிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். பொன்செல்வி அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இசக்கித்தாய் கண் திறந்தபோது அவர் கட்டிலருகே நின்றார். "ஒன்னைக் கொல்லப் பாத்தேனேட்டி."

"கேட்டது நானு" என்றாள். குரல் மெல்லியதாக வந்தது. "இனிமே நான் கேட்டா ஏசுங்க. குடுக்காதீங்க. நீங்கதான் என்னைய ஏசுததே இல்லையே."

புரட்டாசியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். கிட்னி இனித் திரும்பாது. டயாலிசிஸுக்காக அவள் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஆடுகளை விற்றார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். பொட்டாசியம் குறையக் காய்களை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க மகளிடம் கற்றுக்கொண்டார் சங்கரபாண்டி. அதற்காகவாவது பொன்செல்வி அவரிடம் பேச வேண்டியிருந்தது.

தண்ணீர் இப்போது அவர் பொறுப்பு. மத்தியானத்தில் இசக்கித்தாய் கேட்பாள். "கிடையாதுட்டி" என்பார். முதலில் கெஞ்சுவாள், பிறகு தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள். அவர் திருப்பி ஏசாமல் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார். சில நாள் திட்டி ஓய்ந்து தூங்கிவிடுவாள். சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள்.