சித்தியின் மூன்று பாட்டு

எங்கள் வீட்டில் ஓடுகிற கடிகாரமே கிடையாது. சுவரில் ஒன்று தொங்கியது. அது எந்தக் காலத்திலோ பத்தேகாலில் படுத்துக்கொண்டது. மண்ணூரில் எங்களுக்கு மணி சொன்னது தாத்தாவின் ரேடியோதான். காலையில் சினிமாப் பாட்டு போடுவார்கள். முதல் பாட்டுக்குச் சித்தப்பா குளிக்கப் போக வேண்டும், இரண்டாவதுக்குச் சாப்பாடு, மூன்றாவது தொடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓட்டம். சித்தப்பாவுக்கு அது புது வேலை, இன்னும் பர்மனெண்ட் ஆகவில்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு திங்கட்கிழமை, ரேடியோக்காரர்கள் சினிமாப் பாட்டைத் தூக்கி எட்டரைக்கு மேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் வீணைக் கச்சேரியைப் போட்டார்கள். முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள், யார் கேட்டது? சித்தப்பா இடுப்பில் துண்டும் கையில் சோப்புமாக, பாட்டு இதோ வரும் என்று கிணற்றடியில் நின்றார். வீணை முடிவதாயில்லை. பஸ் போகிற சத்தம்தான் வந்தது. ஒரு நாள் தவறுதலாகப் போட்டிருப்பார்கள் என்று மறுநாளும் அப்படியே நின்றார் பாருங்கள், அதுதான் எங்கள் குடும்பம். இன்னொரு முறை லேட்டானால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தாத்தா கோபத்தில் ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பழைய பாட்டு கேட்டது. ரேடியோ இல்லை, சமையற்கட்டிலிருந்து சித்தி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அவள் கல்யாணமாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வாரமே ஏதோ பாட்டை முணுமுணுத்தவளைத் தாத்தா ஒரு கனைப்பில் அடக்கியிருந்தார். பிறகு அவள் பாடியே நான் கேட்டதில்லை.

தாத்தா விறுவிறுவென்று வந்தார். "கல்யாணம் கட்டிகினு வந்த பொண்ணு வூட்ல பாடிகினு இருந்தா ஊரு இன்னா சொல்லும்?"

"பாடல மாமா, மணி சொல்றேன்," என்றாள் சித்தி, தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குள் சித்தப்பா குளிக்க ஓடியிருந்தார். மகனுடைய வேலையா, குடும்ப மானமா என்று தாத்தா நின்று யோசித்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"மூணு பாட்டுதான். அதுக்கு மேல மூச்சு வுடக்கூடாது."

சித்தப்பா மறுபடி ஒரு நாள்கூட லேட்டாகவில்லை. மூன்றாவது பாட்டு முடிகிற நேரம் பஸ் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுப் பால்காரர்கூட வேலிக்கு மேல் தலையை நீட்டி, இரண்டாவது ஆகிவிட்டதா என்று விசாரிப்பார். பத்து நாளில் நாலாவதாக ஒன்று முளைத்தது. தாத்தா முறைத்தார். அது உங்கள் கஞ்சிக்கு என்றாள் சித்தி. கஞ்சியும் சுடச்சுட வந்துவிட்டதா, மனுஷன் ஊதி ஊதிக் குடிக்க உட்கார்ந்துவிட்டார். பிறகு என் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒன்று, விளக்கேற்ற ஒன்று. மாதக் கடைசிக்குள் வீட்டில் பாட்டில்லாத வேலையே இல்லை. மருமகளின் மூளைக்குள்ளேயே மணி ஓடுகிறது என்று தாத்தா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் வெல்லம் திருடப் போனவள், டப்பா மாறிக் கடுகுக்குள் கையை விட்டேன். சின்னதாக ஒரு லேடீஸ் வாட்ச் அகப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினால் சித்தி நிற்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை. அவளுடைய அண்ணன் கொடுத்ததாம். பெரிய வெல்லக்கட்டியாகப் பார்த்து என் வாயில் திணித்து, தாத்தாவிடம் மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாட்ச்சு கீதே சித்தி, சித்தப்பாகிட்ட குடுத்துட்டா நீ தெனம் கத்த வாணாமே?"

சித்தி வாட்ச்சை வாங்கி, மறுபடி கடுகுக்குள் புதைத்து மூடினாள்.

"குடுத்துட்டா, அப்புறம் இன்னா சாக்கு சொல்லிடி நான் பாடுறது?"

வெல்லத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவளையே பார்த்தேன். சுலபமாகக் கழித்துவிடக்கூடிய ஒரு வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிற இவளைப் போய் எல்லோரும் மூளைக்காரி என்கிறார்களே என்று, ஒன்பது வயதில் எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது.