பேச்சியம்மாவைத் தேடி வந்த கடிதம்

பேச்சியம்மாவின் வலது கன்னத்தின் உட்பக்கம் புண் வந்தது 1957இல். வெற்றிலையையும் புகையிலையையும் அவள் அடக்கி வைக்கும் அதே இடம். இலங்கை மலைநாட்டில், நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள், வயது முப்பத்தெட்டு. அவள் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒன்று மெல்லும், இல்லாவிட்டால் பேசும். புண் இரண்டையும் நிறுத்தியது. தோட்டத்து டிஸ்பென்சர் ஞானரட்ணம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லா நோய்க்கும் கொடுக்கும் மருந்துத் தண்ணீரைக் கொடுக்காமல், கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் அவளுக்காக அழுது முடித்துவிட்டார்கள். புற்றுநோய் என்று போன எவரும் அதுவரை அந்தத் தோட்டத்துக்கு நடந்து திரும்பியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கன்னத்துக்குள் ரேடியம் ஊசிகளைக் குத்தி, ஏழு நாள் அப்படியே விட்டுவிட்டார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் தாதி பெற்றீசியா கஞ்சியை வைத்த கையோடு ஓட்டமாக ஓடுவதைப் பார்த்து, தோட்டத்துக்காரி என்று அருவருக்கிறாள் என மனம் கசந்தாள். நாலாம் நாள் பெற்றீசியாவே கதவருகே நின்று விளக்கினாள். ஊசியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருகிறதாம். கெட்ட சதையைச் சுடுமாம். அதிக நேரம் பக்கத்தில் நிற்பவரையும் விட்டுவைக்காதாம். பேச்சியம்மா அசந்துபோனாள். தீயில்லை, புகையில்லை, ஆனால் உள்ளே எரிகிறது! அடுத்த கட்டிலில், இவளைப் போலவே கன்னம் நிறைய ஊசியோடு கிடந்த இறம்பொடைக் காளியாயிக்கு இந்த அதிசயத்தைக் கைச்சாடையால் சொல்லப் பார்த்தாள். காளியாயி அதை வயிற்றுவலி என்று எடுத்துக்கொண்டு, தாதி மிஸ்ஸி வரும்வரை கட்டிலைத் தட்டினாள்.

இரண்டு மாதத்தில் பேச்சியம்மா தன் காலாலேயே லயத்துக்குத் திரும்பி வந்தாள். வெற்றிலையை விட்டாள், பேச்சை விடவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவள் கூடை தூக்கினாள், மகளைக் கட்டிக் கொடுத்தாள், சண்டை போட்டாள், சிரித்தாள். 1962இல் ஒரு காலை ஞானரட்ணம் அவளை டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தோட்டத்தில் எந்த ஐயாவும் கொழுந்துக்காரியை உட்காரச் சொல்வதில்லை. பேச்சியம்மா பயந்துவிட்டாள்.

அவர் மேசையில் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. பேச்சியம்மா இறந்த தேதி தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒன்றாக அவளுக்கு நாலு கடிதம் போட்டார்களாம். நலமா, புண் மறுபடி வந்ததா என்று விசாரித்த கடிதங்கள். நாலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருந்தன.

திருப்பி அனுப்பியது அவள் புருஷன் கந்தப்பன்தான். அவனை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நாடு சுதந்திரமடைந்த வருஷமே அவனை நாடில்லாதவனாக்கிய சட்டமும் வந்தது. பிரஜாவுரிமை கேட்டு இரண்டு முறை எழுதிப் போட்டு, இரண்டு முறையும் முடியாது என்ற பதில் இதே மாதிரிப் பழுப்பு உறையில்தான் வந்தது. பெண்டாட்டி பெயரைப் போட்டு இன்னொரு பழுப்பு உறை வந்தால் அவன் என்ன நினைப்பான்? இந்தியாவுக்குக் கப்பலேற்றத்தான் ஆள் தேடுகிறார்கள் என்று, பிரிக்காமலே தபால்காரனிடம் கையை விரித்துவிட்டான்.

இப்போதும் கொழும்புக்குப் போகாதே என்று மறித்தான்.

"ஆள் இருக்குன்னு காட்டிக்கிட்டா நம்மள அனுப்பிருவாங்க புள்ள."

"செத்துட்டேன்னு எழுதி வச்சிருக்காங்களே, அது ஒங்களுக்குப் பரவாயில்லையா?" என்றாள் பேச்சியம்மா. அவளுக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் அட்டனில் ரயிலேறினாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பெற்றீசியா தமிழில் சொன்னாள். வாய்ப்புண்ணோடு வந்தவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கிறார்கள். கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் மூன்றில் ஒருவர் உயிரோடு இருக்கிறார். மலையிலிருந்து வந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. மலையில் பிழைப்பவரே இல்லையென்றால், அங்கே டொக்டர்களை அனுப்பி ஆராய யார் பணம் தருவார்? அறிக்கை அடுத்த மாதம் போகிறது.

பேச்சியம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் தலையைத் தினமும் எண்ணுகிறார்கள், வேலைக்கு. உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒருத்தர் உட்கார்ந்து எண்ணுவார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. மலைத்துப்போய், டொக்டரின் மேசையில் விரித்திருந்த பெரிய பதிவுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவள் என்று அதில் அவள் பெயரின் மேல் கிடந்த கோட்டை டொக்டர் சுரண்டி அழித்தார்.

அப்புறம் பெற்றீசியா அலமாரியிலிருந்து பழுப்பு உறைகளைக் கட்டாக எடுத்துப் போட்டாள். எல்லாம் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து திரும்பியவை. பேச்சியம்மாவைத் தவிர ஏழு பேர். அந்த வீடுகளிலும் உறையைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள் என்று பேச்சியம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"மிஸ்ஸி, இவங்களுக்கு இனிமே கடுதாசி போடாதீங்க. பேர மட்டும் சொல்லுங்க. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை இறம்பொடைக்கு பஸ் ஏறினாள். காளியாயியின் பெயரைச் சொன்னதும் லயத்து வாசலில் நின்ற மனுஷன் முகம் இறுகிப்போய், எனக்குத் தெரியாது என்றான். பேச்சியம்மா வாதாடவில்லை. வாயை அகலத் திறந்து, கன்னத்தை விரலால் இழுத்து, உள்ளேயிருந்த வெள்ளைத் தழும்பைக் காட்டினாள். அவன் வாசலை விட்டு விலகினான். பின்னாலிருந்த காம்பரா அறைக்குள்ளிருந்து ஒருத்தி மெல்ல வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. அவள் கன்னமும் ஒரு பக்கம் குழிந்திருந்தது.

பேச்சியம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடிதத்தில் என்ன இருந்ததென்று சொன்னாள். காளியாயி, வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள், பிறகு பேச்சியம்மாவைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கேனான்னா கேட்டாங்க? என்னையவா?" என்றவள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.