மேற்கே சாய்ந்த சொக்கப்பனை

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்துக்குச் சொக்கப்பனை நடுகிறவர் மாதவராஜ். பட்டுப்போன பனைமரம் ஒன்றை ஈஸ்வரன் கோயில் எதிரே குழிதோண்டி நட்டு, உச்சிவரை காய்ந்த ஓலை கட்டுவார். பொழுது சாய்ந்ததும் கொளுத்துவோம். அடிமுடி தெரியாமல் சிவன் நெருப்பாய் நின்றாரே, அதன் அடையாளம் என்று பூசாரி வருஷா வருஷம் சொல்வார். யார் காதில் வாங்கினார்கள்? எரிகிற மரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கத்துக் காடு கழனிக்கு மழை. எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"நம்ம பக்கமா லேசா சாய்ச்சு நடு மாமா" என்று நானே ஒருதரம் கெஞ்சியிருக்கிறேன். "சாமி காரியத்துல என்னைக் கைய வெக்கச் சொல்றியா? போடா அந்தப் பக்கம்" என்று விரட்டிவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன்.

இந்த வருஷம் அவர் கிணறு வற்றிவிட்டது. மனைவி குள்ளம்மாள் தீர்மானமாகச் சொன்னாள். "நம்ம பக்கம் சாஞ்சா தக்காளி நாத்து நடுவோம்ங்க. இல்லைனா ஆட்ட வித்துட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிரலாம்." ஊரை விட்டுப் போவதென்றால் மாதவராஜுக்கு உயிரே போன மாதிரி. அவர் காடு கோயிலுக்கு மேற்கே.

நட்ட அன்று கயிறு பிடித்தவன் நான். குழியில் கிழக்குப் பக்கம் கல்லைப் போட்டு இறுக்கினார். மேற்கே வெறும் மண்ணைத் தள்ளினார். என் காடு கிழக்கே. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கொளுத்தியதும் மரம் மேற்கேதான் சாய்ந்தது. குள்ளம்மாள் கும்பிட்டு அழுதாள். விளைச்சலுக்கு நல்லதென்று எரிந்த பனையின் கரியை மடி நிறைய அள்ளிப்போய்க் காட்டின் நாலு மூலையிலும் புதைத்தாள். அந்த வாரமே நாற்று நட்டார்கள்.

மார்கழி பாதி போயும் மழை இல்லை. குழாயடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். செடி சுருண்டுகொண்டே வந்தது. "சாமி குடுத்துச்சு, நாந்தான் சுத்தபத்தமில்லாம கரியத் தொட்டுட்டேன் போல" என்று விரதம் இருந்தாள். ஒருவேளைக் கஞ்சிதான். பாதி ஆளாகிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் அங்கே இருந்தபோது குடத்தோடு வரப்பில் விழுந்தாள். மாதவராஜ் ஓடிப்போய்த் தூக்கினார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"குத்தம் உன்னோடது இல்ல புள்ள. மேக்கே சாயட்டும்னு நாந்தான் கல்ல ஒரு பக்கமா இறுக்கி நட்டேன்."

சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை.

"போகப் பிடிக்கலைனு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் இங்கியே இருந்திருப்பேன்ங்களே. சாமியக் கொண்டு ஏன் சொல்ல வெச்சீங்க?"

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் செடிக்கு ஊற்றவில்லை. தூக்கிக் குடித்தாள். பிறகு என்னிடம் திரும்பி, இந்த வாரம் ஆட்டுச் சந்தை என்றைக்கு என்று கேட்டாள்.