மூஞ்சிக்குப் போடுகிற சோப்பு

எனக்கு லாரியில் ஏறும் யோகம் வாய்த்ததும், அது கண்ணெதிரிலேயே கைநழுவிப் போனதும் ஒரே நாளில் நடந்தன. அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மலைக்கு மேலே ரோடு கிடையாது என்பதால், லாரியைப் பார்க்க வேண்டுமென்றாலே கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியாக வேண்டும். பார்த்தவர்கள் மேலே வந்து அதைப்பற்றி அளப்பார்கள். அப்படி அளந்தவர்களில் முதலிடம் எங்கள் அப்பாவுக்கு.

உலகத்தில் எங்கோ பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் எங்கள் மாமா, அதாவது என் அத்தையின் புருஷன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். சேர்ந்த பிறகு பயிற்சியெல்லாம் முடித்து, கொஞ்ச நாள் லீவில் வந்தார். வரும்போது அத்தைக்கு ஒரு சோப்பு வாங்கி வந்தார். இளஞ்சிவப்பாக, வழவழப்பான காகிதம் சுற்றி இருந்தது. நாங்கள் தலைக்குச் சீயக்காயும் அரப்பும் தேய்க்கிறவர்கள். சோப்பைக் கையில் தொட்டவர்கள் எங்கள் ஊரில் அதுவரை எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதே சந்தேகம்.

அத்தை அதைப் போட்டுக் குளிக்கவில்லை. முகர்ந்து பார்ப்பாள், திரும்பக் காகிதத்தில் சுற்றி வைப்பாள், அவ்வளவுதான். நான் கெஞ்சினால் எனக்கும் முகரக் கொடுப்பாள். சோப்பு இருக்கிற சங்கதியை வெளியே மூச்சு விட்டால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றுவிடுவார்கள் என்று சொல்லி, சாமி பேரில் என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

லீவு முடிந்த அன்று மாமா சேலம் போய்ச் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஓடிப்போனதாகக் கணக்காம். முள்ளுக்குறிச்சியில் ஒருவன் இப்படித்தான் லீவு முடிந்தும் தங்கிவிட்டான் என்றும், போலீஸ்காரர்கள் வந்து ஊர் பார்க்கக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள் என்றும் அப்பா மலை இறங்குகிற வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். மாமாவுடைய பட்டாளத்து பூட்ஸ் இரண்டும் கயிற்றால் முடிந்து கழுத்தில் தொங்கின. மலை மண்ணில் நாங்கள் காலில் எதையும் போட்டு நடப்பதில்லை. பட்டாளத்தானானாலும் அதுதான் வழக்கம். பூட்ஸ் எல்லாம் கீழே போய்த்தான்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு லாரி பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு சேலம் கிளம்பும். அதன் டிரைவர் அப்பாவுக்குப் பழக்கம். நாங்கள் நால்வரும் அதில் போய், மாமாவை ரயிலேற்றிவிட்டு, அப்பா கூடையில் கொண்டுவந்திருந்த தேன்மெழுகையும் விற்றுவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அத்தை சோப்பையும் கொண்டு வந்தாள். வீட்டில் வைத்தால் நான் என்றைக்காவது அதைக் கரைத்துவிடுவேன் என்று அவளுக்கு பயம். நானும்தான் கூட வருகிறேன் என்பது அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. காலையில் மாமாதான் அதை அவளுடைய துணிப்பையின் அடியில் வைத்து, மேலே சேலையை மடித்து மூடினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரி நின்றுகொண்டிருந்தது, டிரைவரைக் காணவில்லை. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு புது வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அது சோப்பு வாசனையைவிடப் பிடித்துப்போயிற்று. அப்பா ஆசுவாசமாக ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்ததுதான் தாமதம், அடியிலிருந்து அந்தக் கால்கள் பதறிக்கொண்டு வெளியே வந்தன. டிரைவர் பீடியைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

"ஏனுங்க, அத்தனை பேரும் கைலாசம் போறதுக்கா? பெட்ரோலு ஒழுகுதுங்க."

யுத்த காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். ஒழுகினது ஒழுகினதுதான், மறுபடி ஊற்ற வழி கிடையாது. ஒழுகலை நிறுத்தாமல் கிளம்பினால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான் என்றார் டிரைவர். முன் சீட்டில் ஜன்னலோரம் உட்காருவதாக நானோ மலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

டாங்கி அடியில் இருக்கும் திருகாணியிலிருந்துதான் சொட்டியது. அதை முறுக்கினார். நிற்கவில்லை. இன்னும் முறுக்கினார். அதற்கும் நிற்கவில்லை. நான் அவர் காலருகே குந்திக்கொண்டு, ஆச்சா, ஆச்சா என்று கேட்டு அவர் உயிரை வாங்கினேன். "ஒழுகற எடம் ஒன்னு, சொட்டற எடம் ஒன்னு கண்ணு" என்று சொல்லிவிட்டு, அடிப்பக்கம் முழுவதையும் துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு கொஞ்சம் சாம்பல் வேண்டும் என்றார். அப்பா பக்தியோடு இடுப்பிலிருந்து கோயில் திருநீற்றுப் பையை அவிழ்த்துக் கொடுத்தார். பூசிக் கும்பிடப் போகிறார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். டிரைவர் அதைக் கைநிறைய அள்ளிக் குழாய் நெடுகத் தூவினார். சிறிது நேரத்தில், டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற செப்புக் குழாயில் ஓரிடத்தில் மட்டும் திருநீறு நனைந்து கறுத்தது. மயிரிழை போல ஒரு விரிசல். அங்கே கசிந்தது குழாயோடு ஓடிவந்து திருகாணியில் சொட்டியிருக்கிறது.

இடம் தெரிந்ததும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பானை விண்டாலும் தேன் குடுவை ஒழுகினாலும் மெழுகையும் பலாப்பிசினையும் சேர்த்துப் பிசைந்து அப்புவோம். கூடையில் மெழுகு இருந்தது, லாரி நிறையப் பலா இருந்தது. தேனே ஒழுகாது, இது ஒழுகுமா என்று கேட்டார். டிரைவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அடியில் புகுந்து தேன்கூடு கட்டினாற்போல அப்பிவிட்டு எழுந்தார். ஒழுகலும் நின்றது. அப்பா எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். ஊருக்குப் போய் இதைச் சொல்லும்போது எப்படிச் சொல்ல வேண்டும் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் மெழுகு இளகிக் கூழாகிக் கீழே விழுந்தது.

"மெழுகு பெட்ரோலுக்குப் பலகாரமுங்க, தின்னுபோடும்" என்றார் டிரைவர். "சோப்புத்தான் கரையாது. ஒரு துண்டு சோப்புக் கெடச்சாப் போதும், சேலம் வரைக்கும் ஓட்டிருவேன்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். டிரைவர் சொன்னது காதில் விழாத மாதிரி பலாப்பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோப்பு தேடும் படலம் தொடங்கியது. டிரைவர் எப்போதும் பெட்டியில் ஒரு துண்டு வைத்திருப்பாராம். அது போன வாரம்தான் எலிக்கு ஆகாரமாகிவிட்டதாம். மாமாதான் கடை கடையாகப் போய்க் கேட்டார். சோப்பு வந்து மாசக்கணக்காகிறது என்றார்கள். அதோடு விடாமல் கருவாட்டுக் கடையிலும் போய்க் கேட்டார். வண்ணார் வீட்டில் துணி வெளுக்கிற உவர்மண்தான் இருந்தது. ஒவ்வொரு முறை வெறுங்கையோடு திரும்பும்போதும் அத்தை உட்கார்ந்திருந்த கல்லில் வந்து பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவார், பிறகு எழுந்து இன்னொரு கடைக்குப் போவார். அவசரமாக ரயிலைப் பிடிக்க வேண்டியவர் இவ்வளவு நிதானமாக நடக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சத்தியம் வேறு குறுக்கே நின்றது. ஆனால் சத்தியம் வெளி ஆட்களிடம் சொல்லக்கூடாது என்பதற்குத்தானே என்று ஒரு வழி கண்டுபிடித்து, அத்தையிடமே போய்ச் சேலையை இழுத்தேன். உன் பையில் சோப்பு இருக்கிறதே என்று காதோடு சொன்னேன். சும்மா இரு சாமி என்று மட்டும் சொன்னாள். கை பையை விட்டு நகரவில்லை. சரி, இவள் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று முடிவுகட்டி, மாமாவிடம் ஓடினேன். காலையில் வைத்தவர்தானே, மறந்திருப்பார், ஞாபகப்படுத்தினால் போதும் என்பது என் கணக்கு.

மாமா குனிந்து கேட்டார். பிறகு என் கன்னத்தைத் தட்டி மெதுவாகச் சொன்னார்: "அது மூஞ்சிக்குப் போடற சோப்பு கண்ணு. லாரிக்கு ஆவாது."

நான் நம்பிவிட்டேன். பட்டாளத்து ஆள், சோப்பின் வகையெல்லாம் தெரிந்தவர். அத்தையைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட இருந்தது.

கடைசியில் டிரைவர் கையை விரித்துவிட்டார். இனிமேல் சேலத்துக்கு ஆள் அனுப்பி வேறு குழாய் வந்தால்தான் உண்டு, நாளைக்குத்தான் வண்டி கிளம்பும் என்றார். அப்பா மறுபடியும் முள்ளுக்குறிச்சிக்காரன் கைவிலங்கைப் பேச ஆரம்பித்தார். மாமா ராசிபுரம் வழியாகச் சேலம் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தால் சாயங்காலத்துக்குள் ராசிபுரம்கூடப் போய்ச் சேர முடியுமோ என்னவோ. அதன் பிறகு அத்தைக்குப் பக்கத்தில் அந்தக் கல்லில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த பூட்ஸைக் கழற்றிக் காலில் மாட்டி, கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

ஒரு காலைக் கட்டி முடித்தார். இரண்டாவது காலைக் கட்டும்போது அத்தை எழுந்தாள். பைக்குள் கையை விட்டு சோப்பை எடுத்தாள். காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தாள். மாமாவிடம் கொடுக்காமல் நேரே டிரைவரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இது ஆவுமுங்களா, பாருங்க."

"ஏம்மா, இத்தனை நேரம் இதைய வெச்சுட்டா உக்காந்திருந்த?" என்றார் டிரைவர்.

"மறந்துட்டேனுங்க."

டிரைவர் ஒரு துண்டைக் கிள்ளி, தண்ணீர் தொட்டுப் பிசைந்து, விரிசலில் வைத்து அழுத்தினார். அப்பாவின் துண்டில் ஒரு நாடா கிழித்து அதன்மேல் இறுக்கிச் சுற்றினார். திருநீற்றை மறுபடி தூவிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே நின்றது. மூஞ்சிக்குப் போடுகிற சோப்பு லாரிக்கு நன்றாகவே ஆயிற்று. மாமா என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று எனக்கு மகா கோபம். ஆனால் ஜன்னலோரத்து சீட் ஞாபகம் வந்து கோபத்தை விழுங்கிக்கொண்டு ஓடிப்போய் லாரிப் படியில் தொற்றிக்கொண்டேன்.

டிரைவர் என்னைத் தூக்கிக் கீழே நிறுத்தினார். இந்த ஒட்டுப்போட்டதை நம்பிப் பெண்டு பிள்ளைகளை ஏற்ற மாட்டாராம். பட்டாளத்துத் தம்பி மட்டும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். மீதிச் சோப்பும் வழியில் தேவைப்படும் என்று அவரோடு போயிற்று. மாமா ஏறி உட்கார்ந்தார், நான் உட்கார வேண்டிய அதே ஜன்னலோரத்தில். அத்தையைப் பார்த்தார். போயிட்டு வாரேன் என்றார். அத்தை தலையை ஆட்டினாள். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியதும் நான் தரையில் புரண்டு அழுதேன். பார்த்தவர்கள் எல்லாம் மாமன்மேல் குழந்தைக்கு எவ்வளவு பாசம் என்று உருகினார்கள். ஒரு கடைக்காரர் எனக்கு வாழைப்பழம் கொடுத்துத் தேற்றினார். பாசம் லாரியின்மேல் என்று நான் சொல்லவில்லை. பழத்தைத் தின்றுவிட்டு மறுபடி அழுதேன். அத்தை அழவில்லை. சோப்புக் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் மலை ஏறினாள்.

மாமா அந்த ரயிலைப் பிடித்துவிட்டார். அதன் பிறகு இரண்டு கடுதாசி வந்தது. மூன்றாவதாக வந்தது அவர் எழுதியதல்ல. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அப்பா பிற்காலத்தில் இந்தக் கதையை யார் வந்தாலும் சொல்வார். மெழுகு உருகினதை விட்டுவிடுவார். மடியிலேயே சோப்பை வைத்துக்கொண்டு ஊர் பூரா தேடவிட்டாள் என் தங்கை, அப்படி ஒரு மறதி என்று சொல்லிச் சிரிப்பார். அப்போதெல்லாம் நான் குறுக்கே விழுந்து, மறதி இல்லை, அத்தைக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்று கத்துவேன். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அத்தை மட்டும் என்னைப் பார்த்து, "நெசமாலுமே மறந்துட்டேன் கண்ணு" என்பாள்.

சோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த அந்த மூன்று பேரில், லாரி கிளம்ப வேண்டும் என்று துடித்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு வெகுகாலம் வரை தெரியவில்லை.