வெளிச்ச மேசையில் பேனாட்

மரியரஞ்சனி கடையில் தயிர் வாங்கினால் முன்வரிசையில் இருப்பதைத் தொடமாட்டாள். கையை உள்ளே விட்டுப் பின்னாலிருந்து ஒன்றை இழுப்பாள். வீட்டுக்கு வந்ததும் அதையும் திறந்து மணந்து பார்ப்பாள். தொலைபேசியில் யாராவது வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னால் அவருடைய பெயரைக் கேட்பாள், அவர் பெயரைச் சொன்னதும் வைத்துவிடுவாள். புதிதாக வந்த குருவானவர் நன்றாகப் பாடுகிறார் என்று கோயிலில் எல்லோரும் மெச்சியபோது அவள் மட்டும், "ஒரு வருசம் போகட்டும், பாப்பம்" என்றாள்.

இது வடதுருவப் பக்கத்து ஹம்மர்பெஸ்ட்டில் பிடித்த பழக்கம். பேசாலைக் கடற்கரையிலிருந்து வந்த இளம்பெண்ணை அங்கே மீன் தொழிற்சாலையில் ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். மேசைக்குக் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும். தோலுரித்த மீன் துண்டை அதன்மேல் விரித்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் புழு தெரியும், விட்டுப்போன முள் தெரியும். புழு இல்லை என்று நினைத்துப் பார்த்தால் கண்ணில் படாது, இருக்கிறது என்று நினைத்தே பார்க்க வேண்டும் என்று மேற்பார்வைக்காரி சொல்லிக் கொடுத்தாள். மரியரஞ்சனி அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஒஸ்லோவுக்கு வந்து, குரோருட்டில் வீடு வாங்கி, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த மேசை அவளை விட்டுப் போகவில்லை.

அந்த மேசையில் அவள் போட்டுப் பார்க்காத ஒரே ஆள் அவளுடைய கணவர் பேனாட். அதற்கும் காரணம் இருந்தது. தொழிற்சாலையில் அவர் பெட்டி அடுக்கும் பக்கத்தில் நின்றவர். ஒருநாள் அவள் தவறவிட்ட, புழு இருந்த மீன் துண்டொன்று அவரிடம் போய்விட்டது. மேற்பார்வைக்காரியிடம் காட்டியிருக்கலாம். அவர் அதைச் சத்தமில்லாமல் கழிவு வாளிக்குள் போட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலே அடுத்த பெட்டியை எடுத்தார். அடுத்த கோடையில் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது.

அப்படிப்பட்ட பேனாட் இந்தத் தவக்காலத்தில் உடுப்புத் தோய்க்கத் தொடங்கினார்.

கட்டிடத்தின் நிலக்கீழ் தளத்தில் எல்லா வீட்டாருக்கும் பொதுவான தோய்க்கிற அறை இருக்கிறது. சுவரிலுள்ள பலகையில், வேண்டிய நேரத்துக்கு நேரே அவரவர் வீட்டுப் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் அவர்களுடையது. இத்தனை வருடத்தில் பேனாட் அந்தப் பூட்டைத் தொட்டதே இல்லை. இப்போது பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் வராததுமாகக் கூடையைத் தூக்குகிறார். கட்டிலில் விரித்து இரண்டு நாளாகாத துணியையும் உருவிக்கொண்டு போகிறார்.

"என்னப்பா, திடீரெண்டு?"

"தவக்காலம்தானே. நானும் ஏதும் செய்ய வேணும்."

சாம்பல் புதனன்று அந்த வீட்டின் ஒறுத்தலை அறிவித்தது மரியரஞ்சனிதான். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இறைச்சி இல்லை, தொலைக்காட்சியில் நாடகமும் இல்லை. பேனாட் தலையாட்டியிருந்தார். அதற்குமேல் அவராகவே ஒரு ஒறுத்தலைச் சேர்த்துக்கொள்வது நல்ல விஷயம்தான். ஆனால் உடுப்புத் தோய்க்கிற மனிதன் எதற்காகச் சிரித்துக்கொண்டு படியேறுகிறான்?

பிறகு சின்னச் சின்னதாக வேறு சிலவும் தெரிந்தன. கோயில் வாசலில் குருவானவர் கை கொடுத்தபோது பேனாட் ஒரு கையைப் பொத்தி, மற்றக் கையால் அதை மூடி, இடுப்பை வளைத்து வணங்கினார். ஒருநாள் சோறு போடும்போது அவளை, "தேவி" என்று கூப்பிட்டார். கலியாணமான புதிதில்கூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரு மாலை, அவர் விட்டுவிட்டுப் போன தலையணை உறையைக் கொடுக்க மரியரஞ்சனி கீழே இறங்கினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் பேசினாள். இந்தியத் தமிழ்.

"உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். நீங்க இங்க வர்றது யாருக்கும் தெரியக் கூடாது."

அதற்குப் பேனாட் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரிக்கும் சிரிப்பு. மரியரஞ்சனி தலையணை உறையோடு மேலே வந்துவிட்டாள்.

மறுநாள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இமெல்டாவிடம் சொன்னாள். இமெல்டா அவளோடு ஹம்மர்பெஸ்ட்டில் அதே மேசையில் நின்றவள். சொன்னால் வெளியே போகாது.

"உங்கட மனுசனையோ சொல்லுறீங்கள்?" இமெல்டா சீவுவதை நிறுத்தவில்லை. "அந்தாள் கலியாண வீட்டிலை சோத்தைத் தவிர ஒருத்தரையும் நிமிந்து பாக்காது."

"நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான்."

"ஆரெண்டு நினைக்கிறியள்?"

"சென்னையிலையிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்து, எங்கட கோயிலுக்கு வாற பிளெஸ்ஸி இருக்கெல்லோ."

"அது அவரை அங்கிள் எண்டெல்லோ கூப்பிடுது, அக்கா."

"அதுதான் எனக்கு யோசினை."

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மரியரஞ்சனி வேண்டுமென்றே பிளெஸ்ஸிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அவளுடைய குரலைக் கேட்டாள். பிளெஸ்ஸி மூக்கால் செபித்தாள். கீழறையில் கேட்டதோ தேன் தடவிய குரல். ஆனால் மறைவில் கதைக்கும்போது ஆருடைய குரலும் மாறாதா? எட்டாம் நிலையிலிருந்து பன்னிரண்டாம் நிலை வரை அவள் இதையே யோசித்தாள். கடைசியில் அவளைக் குடைந்தது வேறொன்று. அன்று அந்தப் புழுத் துண்டை எவ்வளவு அமைதியாக ஒளித்தார். அப்படி ஒளிக்கத் தெரிந்த மனிதர் இன்னும் எத்தனையை ஒளித்திருப்பார்? அவளைக் கலியாணம் வரைக்கும் கொண்டுவந்த அந்த ஒரு காரியமே இப்போது அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது. இவரும் இல்லையென்றால் அவளுக்கு நம்புவதற்கு இந்த ஊரில் வேறு ஆளில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவர் கூடையோடு இறங்கினார். சற்றுப் பொறுத்து அவளும் இறங்கினாள். கதவுக்கு வெளியே நின்றாள். அதே பெண் அழுகிற குரலில் பேசினாள்.

"ஆயிரம் வருஷமா இந்த மலை உச்சியில தனியா உட்கார்ந்திருக்கேன். நீங்க கொஞ்சம்கூட இரக்கமில்லாம ஊறுகாய் ஜாடிக்குள்ள விழுந்துட்டீங்களே."

மரியரஞ்சனி அதை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிளெஸ்ஸி வேலை விசாவில் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கதவைத் தள்ளினாள்.

பேனாட் கவிழ்த்த கூடையின்மேல் இருந்தார். தோய்க்கிற இயந்திரத்தின்மேல் கைபேசி சாய்ந்திருந்தது. திரையில் ஒரு சீனத்துப் பெண், நீண்ட பட்டுச் சட்டையும் கொண்டை நிறைய ஊசிகளும். பின்னாலிருந்து ஒன்பது நரிவால்கள் எட்டிப் பார்த்தன. அவளுக்கு முன்னால் ஒரு வாள்வீரன் ஜாடியிலிருந்து தலையை வெளியே இழுக்கப் பாடுபட்டான். எல்லோரும் சென்னைத் தமிழ் பேசினார்கள்.

பேனாட் கைபேசியைக் கவிழ்த்தார். குரல் மட்டும் தொடர்ந்து வந்தது.

"நாடகமில்லை எண்டு தலையாட்டினீங்கள்."

"இது நாடகமில்லையப்பா. சீனப் படம். துண்டு துண்டா வருது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"விடிஞ்சால் பொழுதுபட்டால் அந்த ஒரு சீற்றிலைதான் இருக்கிறன். இதுகளைப் பார், கூரைக்குக் கூரை பறக்குதுகள். பறந்து போய் எங்கையாவது முட்டுப்படுதுகள். எனக்குச் சிரிப்பை அடக்கேலாது." பிறகு அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தார். "நீ ஏன் வந்தனி?"

"உடுப்பு எடுக்க."

"மிசினுக்கை போட்டு இன்னும் பத்து நிமிசமாகேல்லை."

பேனாட் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த மேசையைத் தெரியும், அவளையும் தெரியும்.

"என்னையும் போட்டுப் பாத்தனியோ?"

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். வரவில்லை.

"ஓம்."

"என்ன இருந்தது?"

"ஒரு முள்ளு."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கைபேசியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவளுக்கு இடம் விட்டுக் கூடையின் ஓரத்துக்கு நகர்ந்தார். அவள் இருக்கவில்லை. நின்றபடியே, "கதவைச் சாத்தாதேங்கோ இனிமேல்" என்றாள். "உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இதையும் நிப்பாட்டுங்கோ."

"சரி."

"ஜாடியிலையிருந்து வந்திட்டானோ?"

அவர் கைபேசியை நிமிர்த்தினார். வீரன் வந்துவிட்டிருந்தான்; ஒரு கையைப் பொத்தி, மற்றக் கையால் மூடி, இடுப்பை வளைத்து வணங்கினான். வெள்ளைத் தாடிக் குரு ஒருவர் அவனுக்கு ஒரு கிண்ணத்தில் சூப்பு நீட்டினார். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"அந்தக் கிழவன் சரியில்லை" என்றாள்.

"அவர் குரு. நல்ல மனுசன்."

"சூப்பைக் குடுத்திட்டுத் தான் குடிக்கேல்லை, பாத்தனீங்களோ?"

உயிர்ப்பு ஞாயிறன்று பகல் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்ட பிறகு இருவரும் வரவேற்பறையில், பெரிய திரையில், விட்ட இடத்திலிருந்து பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க மாலை மாலையாகப் பார்த்துக் கடைசிப் பகுதிக்கு வந்தபோது, குரு தன் சீடனுக்காக உயிரைக் கொடுத்து, வெண்புகையாகி, மலையில் கலந்தார். பேனாட் கண்ணைத் துடைத்தார்.

"இப்ப என்ன சொல்லுறாய்?"

மரியரஞ்சனி திரையில் எழுத்தெல்லாம் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்ததை ஒருத்தரும் காணேல்லை" என்றாள். "புகைதானே காட்டினவங்கள்."