விரத நாள் சப்பாத்தி

விரதம் இருக்கப் பிடிக்காமல்தான் கஸ்தூரி கோதுமையை ஒரு வியாதியாக்கிவிட்டாளாம். நாத்தனார் செல்வராணி இப்படிச் சொன்னதாகக் கூலாய் டவுனில் புருவம் திருத்தும் கடைக்காரி சொன்னாள். நூலைப் பல்லில் கடித்தபடி சொன்னதால், கஸ்தூரியால் முகத்தைத் திருப்பி மறுக்கவும் முடியவில்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அவளுக்கு வேண்டுதல். போன வருடம் விரதத்தின் பாதியிலேயே வயிறு பானையாய் ஊதி, தலை கிறுகிறுத்து, விட்டுவிட்டாள். இந்த வருடமும் விட்டால் முருகன் பொறுத்துக்கொள்வார், செல்வராணி பொறுக்கமாட்டாள்.

கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோயோ என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வாய்வழியே குழாய் விட்டும் பார்த்தார்கள். அது இல்லை என்று முடிவு வந்தது. “அப்புறம் என்ன? எல்லாம் மனசுதான்” என்றாள் செல்வராணி. செனாய் ஊரில் ஒரு ஃபேக்டரியில் நின்று வேலை செய்கிற கஸ்தூரிக்கோ, சீருடையின் பொத்தான் பூட்டவில்லை. அது மனசு இல்லை.

உணவு ஆலோசகர் லோஷினி மட்டும் வேறு மாதிரி கேட்டாள். “எந்த நாள்ல ரொம்ப மோசம், அக்கா?”

“வெள்ளிக்கிழமை. விரத நாளாச்சே, பட்டினில காத்து அடைக்குது.”

“அன்னிக்கு என்ன சாப்பிடுவீங்க?”

“ஒன்னும் சாப்பிட மாட்டேன். சோறே தொட மாட்டேன். சப்பாத்தி, ரவா உப்புமா, அவ்வளவுதான்.”

லோஷினி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “எல்லாமே கோதுமைதானே கா.”

கஸ்தூரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாய் முருகன் சோதிக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்.

“சீலியாக் இல்லைன்னாலும் கோதுமை சிலருக்கு ஒத்துக்காது. அதுக்குன்னு ரத்தப் பரிசோதனை கிடையாது. குளூட்டனா, கோதுமைல வேற ஏதாவதான்னும் இப்போ சொல்ல முடியாது. கொஞ்ச வாரம் நிறுத்துங்க. அப்புறம் திரும்பச் சாப்பிட்டுப் பாத்தாதான் தெரியும்.”

நிறுத்தினாள். வயிறு அடங்கியது. பொத்தான் பூட்டியது. கணவன் சுகுமாறன், “என்னா, வயசு கொறஞ்சிருச்சா?” என்று கேலி செய்தான்.

திரும்பச் சாப்பிட வேண்டிய நாளில் அவள் நேராக நாத்தனார் வீட்டுக்கே போனாள். “அண்ணி, சப்பாத்தி சுடுங்க.”

செல்வராணிக்கு வாயெல்லாம் பல். எண்ணெய் விடாமல் சுட்டு அடுக்கினாள். கஸ்தூரி பருப்போடு வயிறாரச் சாப்பிட்டாள்.

“பாத்தியா, ஒன்னும் ஆவல” என்று செல்வராணி தட்டைக் கழுவப் போனாள். பேசிக்கொண்டே டிவியில் பார்த்த சீரியல் ஒன்று முடிவதற்குள் கஸ்தூரி நெளிய ஆரம்பித்தாள். பிறகு மெல்ல இடுப்புப் பொத்தானைக் கழற்றினாள். செல்வராணி தொட்டுப் பார்த்தாள். தவில் மாதிரி இருந்தது.

“அலமாக், நெசமாவே ஊதுது லா” என்று வாயைப் பிளந்தாள்.

“ஊதுது அண்ணி” என்றாள் கஸ்தூரி. வலியிலும் முகம் மலர்ந்திருந்தது. வயிறு வீங்கியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்ணைச் செல்வராணி பார்த்ததில்லை.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். மரவள்ளிக்கிழங்கை எடுத்து வந்து கஸ்தூரியின் முன்னால் வைத்தாள். “ராத்திரிக்குச் சோறுதான் கூடாது. கெழங்குக்குத் தோஷம் இல்ல. அவிச்சுத் தரேன், விரதத்த நீ முழுசா இரு. பால்கொடத்த நான் வெளக்கி வைக்கிறேன்.”

கஸ்தூரிக்குக் கண் நிறைந்தது. ஒரே ஒரு தடவை ஊதினதை வைத்து முடிவு செய்யலாமா, இன்னொரு முறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமா என்று லோஷினியிடம் கேட்க வேண்டும். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் அவள் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.